நீலத்தை அளப்பவர்கள்

63 ஓடைகள் டாஹோ ஏரிக்குள் வந்து விழுகின்றன. வெளியேற இருப்பது ஒரே வழி. ஏரியின் வடமேற்கு மூலையில், டாஹோ சிட்டி என்ற சிற்றூரில், 17 மதகுகள் கொண்ட தாழ்வான அணை ஒன்று நிற்கிறது. அங்கே பிறக்கும் ட்ரக்கி ஆறு பைன் காடுகளைக் கடந்து, ரீனோ நகரத்தின் நடுவே ஓடி, ஏறத்தாழ 195 கிலோமீட்டர் சென்று நெவாடாவின் வறண்ட நிலத்தில் பிரமிட் ஏரியில் கலக்கிறது. அதோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது. கடலை அது காண்பதே இல்லை.

கலிபோர்னியாவும் நெவாடாவும் இந்த ஏரியைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. சியரா நெவாடா மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து 6,225 அடி உயரத்தில் கிடக்கும் இதன் நீளம் 35 கிலோமீட்டர், அகலம் 19 கிலோமீட்டர். ஆழம் 1,645 அடி. அமெரிக்காவில் இதைவிட ஆழமானது ஓரிகானில் உள்ள கிரேட்டர் ஏரி ஒன்றுதான். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால், இதில் நிற்கும் தண்ணீர் 5,000 டி.எம்.சி.க்கும் மேல். அந்த அணை கட்டுப்படுத்துவது மேலே உள்ள ஆறடி நீரை மட்டுமே. அதுவே 32 டி.எம்.சி. வரும்.

ஏரியை ஆராய்கிறவர்கள் இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறார்கள். இதற்குள் வந்து சேரும் நீர் சராசரியாக 650 ஆண்டுகள் உள்ளேயே தங்குகிறது. அதாவது இன்று ஓடைவழியே இறங்கும் மண்ணும் எண்ணெயும் உரமும் நம் பேரப்பிள்ளைகளைக் கடந்து, அவர்களுக்குப் பின்வரும் பல தலைமுறைகளின் தண்ணீரிலும் இருக்கும். டாஹோவைச் சுற்றிவரும்போது இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதன் வரலாறும் சட்டங்களும் சண்டைகளும் தாமாகவே விளங்கிவிடும்.

ஏரியைச் சுற்றி 116 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. நிற்காமல் ஓட்டினால் மூன்று மணிநேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நிற்காமல் ஓட்டுவதற்காக யாரும் அங்கே போவதில்லை. நான் போனது அக்டோபர் தொடக்கத்தில். கோடைக்கூட்டம் வடிந்து, பனி இன்னும் விழாத இடைக்காலம். சான் ஹோசேயில் வேலை பார்க்கும் சித்தி மகன் கார் ஓட்டினான். சிலிக்கன் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு டாஹோ புதிய ஊரில்லை. நான்கைந்து மணிநேரத் தூரம் என்பதால், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கட்டாயம் அழைத்துப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று.

மதகடியில்

அணையை ஒட்டி, முன்பு மதகுக் காவலர் குடியிருந்த இடத்தில் இப்போது சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அணை இன்றைய வடிவத்தில் முடிக்கப்பட்டது 1913-இல். கீழே ஆற்றுப்பாசன விவசாயிகளுக்கு மதகைத் திறக்க வேண்டும். மேலே கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மூட வேண்டும். தலைமதகில் இருப்பவரின் பாடு எந்த நாட்டிலும் ஒன்றுதான். எவ்வளவு நீர் எப்போது போக வேண்டும் என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒப்பந்தங்களும் அடுக்கடுக்காக வந்தன.

அருங்காட்சியகத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தியவை கூடைகள். இந்த நிலத்தின் மூத்த குடிகளான வாஷோ மக்களும் அவர்களின் அண்டைக் குடிகளும் வில்லோ விளாரைக் கீறிச் சீவிப் பின்னியவை. வாஷோ மக்களுக்கு இந்த ஏரிதான் உலகின் நடு. குளிர்காலத்தைக் கிழக்கே தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் கழித்துவிட்டு, பனி உருகியதும் குடும்பம் குடும்பமாக மலையேறி ஏரிக்கரைக்கு வருவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஓடைமுகம், ஒரு தங்குமிடம். மீன் பிடிப்பார்கள், கிழங்கும் மூலிகையும் சேர்ப்பார்கள், இலையுதிர் காலத்தில் பைன் கொட்டை பொறுக்கக் கிழக்கு மலைகளுக்குத் திரும்புவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த இந்தச் சுழற்சியில் ஏரி கலங்கவில்லை, மீனும் அற்றுப்போகவில்லை.

அவர்களில் ஒருவரான டாட் சோ லா லீ என்ற பெண்மணி கூடை பின்னுவதை உலகம் வியக்கும் கலையாக உயர்த்தினார். ஒரு கூடைக்குப் பல மாதங்கள் உழைப்பார். 1925-இல் அவர் மறைந்தார். அவர் கைபட்ட கூடைகள் இன்று அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய மக்கள் தங்கள் ஏரிக்கரையில் நிலமற்றவர்களாகிவிட்டார்கள்.

வெளியுலகம் இந்த ஏரியை அறிந்தது 1844 பிப்ரவரி 14-இல். ஜான் ஃபிரமான்ட் என்ற அமெரிக்கப் படை அதிகாரியும் அவருடைய வரைபடக்காரர் சார்லஸ் பிரையஸும் பனிமூடிய ஒரு சிகரத்தில் ஏறித் தெற்கேயிருந்து இதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தங்கம், வெள்ளி என்ற இரு சொற்கள் மலையின் இருபக்கமும் மனிதர்களைக் கொண்டுவந்து கொட்டின.

பனியாறு செதுக்கிய குடா

மேற்குக்கரைச் சாலை தெற்கே இறங்குகிறது. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் நெட்டுயர்ந்த சுகர் பைன், ஜெஃப்ரி பைன் மரங்கள். ஜெஃப்ரி பைனின் பட்டைப் பிளவில் மூக்கை வைத்தால் வனிலா மணம் வரும். வழியில் வரும் சுகர் பைன் பாயின்ட் பூங்காவில் 1960 குளிர்கால ஒலிம்பிக்கின் நெடுந்தூரப் பனிச்சறுக்குத் தடங்களில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் யாரும் போய்ச் சறுக்கலாம்.

சாலை மெல்ல மெல்ல மலைவிளிம்புக்கு ஏறி, திடீரென்று எமரால்டு பே என்ற குடாவின் தலைக்குமேல் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதைப் பார்த்தவர்கள் ஏன் ஓவியமும் ஒளிப்படமுமாக எடுத்துத் தள்ளுகிறார்கள் என்பது அந்த இடத்தில் புரிந்துவிடும். கீழே, கரையோரம் பச்சை, உள்ளே போகப்போக நீலம், வாய்ப்பகுதியில் கருநீலம்.

ஏரி கிடக்கும் பள்ளம் உருவானது இரண்டு மூன்று மில்லியன் ஆண்டுகளுக்கு முன். மேற்கே சியராவின் முகடும் கிழக்கே கார்சன் மலையும் உயர, இரண்டுக்கும் இடையே நிலப்பலகை கீழே இறங்கியது. வடக்கே ஓர் எரிமலை கக்கிய குழம்பு வாயை அடைத்தது. உருகிய பனிநீர் நிரம்பியது. பின்னர் பனியுகங்களில் மேற்குமலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் பாறையைச் சுரண்டிக் குடாக்களை உண்டாக்கின. எமரால்டு பேயின் வாயில் இருபுறமும் நீளும் மேடுகள் அந்தப் பனியாறு தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன கல்லும் மண்ணும்தான்.

குடாவின் நடுவே ஏரியின் ஒரே தீவு, ஃபனெட். அதன் உச்சியில் தேநீர் அருந்துவதற்கென்று கட்டிய கல்வீட்டின் சுவர்கள் நிற்கின்றன. கரையில், லோரா நைட் என்ற சீமாட்டி 1929-இல் ஸ்காண்டிநேவியக் கட்டடக்கலையைப் பின்பற்றிக் கட்டிய விகிங்ஸ்ஹோம் மாளிகை. கூரைமேல் புல்வளரும் பகுதிகூட அதில் உண்டு. கட்டும்போது மரங்களுக்கு இடையூறு இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். உயரம் பழகாதவர்கள் நிதானமாகவே ஏற வேண்டும். கயாக் எடுத்துத் தீவுக்குப் போகிறவர்களும் உண்டு. பிப்ரவரி முதல் ஜூன் நடுவரை தீவில் கால்வைக்கக் கூடாது. கனடா வாத்துகள் முட்டையிடும் பருவம்.

1950-களிலும் 60-களிலும் இந்தக் குடாவின் வாய்க்குக் குறுக்கே பாலம் எழுப்பி அகன்ற நெடுஞ்சாலை போடத் திட்டம் இருந்தது. கரையைச் சுற்றிலும் பெருநகரம் எழும் என்று கணக்குப் போட்டார்கள். அதை எதிர்க்க 1957-இல் ஒரு சங்கம் தோன்றியது. இன்று அதன் பெயர் லீக் டு சேவ் லேக் டாஹோ. நீலத்தைக் காப்போம் என்று அவர்கள் அச்சிட்ட ஒட்டுத்தாளைக் கலிபோர்னியா முழுக்கக் கார்களின் பின்புறத்தில் பார்க்கலாம். பாலம் கட்டப்படவில்லை. நாம் அந்தக் குடாவை அப்படியே பார்க்க முடிகிறதென்றால் அது இயற்கையின் கொடை மட்டுமில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் வாதாடிய மனிதர்களின் கொடையும்தான்.

சிவந்த மீன்களின் ஓடை

தென்கரையில் டெய்லர் ஓடை. அக்டோபரில் டாஹோவுக்குப் போகிறவர்கள் இங்கே நிற்காமல் போகக் கூடாது. முழங்கால் அளவு நீரில் நூற்றுக்கணக்கான மீன்கள், உடல் செக்கச்செவேலென்று, தலை பச்சையாக, ஓட்டத்தை எதிர்த்து முண்டியடித்து ஏறுகின்றன. ஆண்மீனுக்கு முதுகு கூன்விட்டுத் தாடை கொக்கிபோல் வளைந்திருக்கும். கூழாங்கல்லைக் கிளறிப் பெண்மீன் முட்டையிட, ஆண் அதன்மேல் விந்தைத் தெளிக்கிறது. வேலை முடிந்ததும் இரண்டும் இறந்துவிடுகின்றன. அந்த உடல்களைத் தின்னக் கரடியும் மிங்க்கும் வெண்தலைக் கழுகும் வருகின்றன. ஓடைக்கரையில் தரைக்குக் கீழே கண்ணாடி பதித்த அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதில் நின்றால் மீனின் கண்மட்டத்தில் ஓடையின் உள்ளே பார்க்கலாம். பள்ளிப்பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நகர மறுத்தார்கள்.

இந்தக் கோகனி மீன் டாஹோவின் பிள்ளை இல்லை. கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழும் சால்மன் வகை அது. 1944-இல் வடகரையில் இருந்த மீன்வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பி ஏரிக்குள் வந்தது. அதற்கு முன் இந்த நீரை ஆண்டது லாஹோன்டன் கட்த்ரோட் ட்ரௌட். வாஷோ மக்களின் உணவு அது. பிரமிட் ஏரியில் 1925-இல் பிடிபட்ட ஒன்றின் எடை 41 பவுண்டு, பதினெட்டரைக் கிலோ. வலைபோட்டுப் பிடித்து, பனிக்கட்டியில் அடுக்கி, ரயிலேற்றிச் சான்பிரான்சிஸ்கோ விடுதிகளுக்கு அனுப்பினார்கள். முட்டையிடும் ஓடைகள் மரத்தூளாலும் மண்ணாலும் தூர்ந்தன. 1905-இல் ட்ரக்கி ஆற்றில் கட்டிய டெர்பி அணை பிரமிட் ஏரி மீன்களின் ஏற்றவழியை மறித்தது. 1880-களில் கொண்டுவந்து விட்ட மேக்கினா ட்ரௌட் என்ற பெருமீன் கட்த்ரோட் குஞ்சுகளைத் தின்றது. 1930-களின் முடிவில் டாஹோவில் கட்த்ரோட் அற்றுப்போனது.

கதை அதோடு முடியவில்லை. யூட்டா எல்லையில் பைலட் பீக் என்ற மலையின் சிற்றோடை ஒன்றில், யாரோ எப்போதோ கொண்டுபோய் விட்ட இதே மீனின் வழித்தோன்றல்கள் பிழைத்திருந்தன. 1970-களில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிரமிட் ஏரியின் பழைய பெருமீனின் வாரிசு என்று உறுதியானது. குஞ்சு பொரித்து வளர்த்து முதலில் பிரமிட் ஏரியிலும், டாஹோவை அடுத்த ஃபாலன் லீஃப் ஏரியிலும் விட்டார்கள். அண்மைக்காலமாக டாஹோவிலும் விடுகிறார்கள்.

மீன் நன்றாக வளரட்டும் என்ற நல்லெண்ணமும் இந்த ஏரியில் ஒரு கேட்டைச் செய்திருக்கிறது. 1960-களில் மைசிஸ் என்ற சிறு இறால்வகையைக் கொண்டுவந்து விட்டார்கள், ட்ரௌட்டுக்கு இரையாகும் என்று. மைசிஸ் பகலெல்லாம் இருண்ட ஆழத்தில் ஒளிந்து, இரவில் மேலே வந்தது. பெரும்பாலான மீன்களின் கண்ணில் அது படவில்லை. ஆனால் டாஃப்னியா என்ற மிகச்சிறிய உயிரியை அது தின்று தீர்த்தது. பாசியையும் நுண்துகளையும் வடித்துத் தின்று நீரைத் துப்புரவாக வைத்திருந்தது அந்த டாஃப்னியாதான். 2011-இல் எமரால்டு பேயில் மைசிஸ் திடீரென்று குறைந்தபோது டாஃப்னியா திரும்பி வந்தது. குடாவின் நீரும் தெளிந்தது. 2022-இன் பிற்பகுதியில் ஏரி முழுவதிலுமே அதேபோல் நடந்தது. கண்ணுக்கு எளிதில் தென்படாத ஓர் உயிரி பெரும் ஏரியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

சதுப்பும் கரடியும்

தென்கரையில்தான் ஊர் பெரிது. ஏரிக்கு மிகுதியான நீரைக் கொண்டுவரும் அப்பர் ட்ரக்கி ஆறு இங்கே பரந்த சதுப்புநிலத்தின் வழியாகப் பரவிச் சேர்ந்துகொண்டிருந்தது. வண்டலை நாணலும் கோரையும் பிடித்து வைத்துக்கொள்ள, வடிந்த நீர் ஏரிக்குப் போகும். 1960-களில் அந்தச் சதுப்பின் நடுவே தோண்டிக் கால்வாய் வெட்டி, வீட்டு வாசலிலேயே படகு கட்டும்படி டாஹோ கீஸ் குடியிருப்பைக் கட்டினார்கள். அந்தத் தேங்கிய, வெதுவெதுப்பான கால்வாய்களில் இன்று யூரேசிய நீர்க்களைச்செடி மண்டிக் கிடக்கிறது. படகின் விசிறியில் ஒட்டிக்கொண்டு அது ஏரிக்குள்ளும் போகிறது. எஞ்சிய சதுப்பை மீட்க, ஆற்றைப் பழைய தடங்களில் திருப்பிவிடும் பணியில் கலிபோர்னியா அரசின் டாஹோ கன்சர்வன்சி அண்மை ஆண்டுகளில் இறங்கியிருக்கிறது. அழிக்கச் சில ஆண்டுகள் போதுமாக இருந்தது. மீட்க அரைநூற்றாண்டு கழித்துத்தான் தொடங்க முடிந்திருக்கிறது.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மோட்டார் படகும் ஏரியில் இறங்குமுன் சோதனைக்குப் போக வேண்டும். 2008-இலிருந்து இதுதான் விதி. குவாகா, ஜீப்ரா என்ற சிப்பிவகைகள் ஒட்டிவந்தால் ஏரியின் கதை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். படகின் அடியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வெந்நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகுதான் விடுவார்கள். கயாக், துடுப்புப் பலகை வைத்திருப்பவர்களும் கழுவி, வடித்து, உலர்த்திக்கொண்டு வர வேண்டும்.

இந்தக் கரையில் மனிதர்களுக்கு அடுத்து அதிகம் பேசப்படுவது கருங்கரடி. குப்பைத்தொட்டிகளுக்குக் கனத்த இரும்புக் கதவும் கொக்கியும் போட்டிருக்கிறார்கள். விரலை உள்ளே நுழைத்து நெம்பினால்தான் திறக்கும். கரடியின் பாதம் நுழையாது. வீட்டு உணவுக்குப் பழகிய கரடி காட்டுணவைத் தேடுவதில்லை. 2022-இல் 500 பவுண்டு எடையுள்ள ஒரு கரடி வீடு வீடாகப் புகுகிறது என்று ஹாங்க் என்று பெயர் வைத்து நாடே பேசியது. மரபணுச் சோதனையில் அது ஒரே கரடி இல்லை, பல கரடிகளின் வேலை என்று தெரிந்தது; பெயர் பெற்ற ஹாங்க் பெண்கரடி என்பதும் தெரிந்தது. 2023-இல் அதைப் பிடித்துக் கொலராடோவிலுள்ள காப்பகத்துக்கு அனுப்பினார்கள். காட்டை இழந்தது கரடி. கதவைத் திறந்து வைத்தது நாம்.

தென்கரையிலிருந்து மேலே பார்த்தால் சரிவுகளில் எரிந்து கறுத்த மரங்கள் நிற்கின்றன. 2021 ஆகஸ்டில் கால்டர் என்ற காட்டுத்தீ முகட்டைத் தாண்டி இறங்கியபோது சவுத் லேக் டாஹோ ஊரையே காலிசெய்தார்கள். 2007-இல் ஆங்கோரா தீ இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது.

தம்பி இந்த ஊருக்கு அதிகம் வருவது குளிர்காலத்தில்தான். ஏரியைப் பார்த்தபடி சறுக்கி இறங்கும் ஹெவன்லி மலையைக் காட்டினான். "அண்ணா, ஜனவரில வந்து பாருங்க. மேலேர்ந்து கீழ பார்த்தா மலை முழுக்க வெள்ளை, ஏரி மட்டும் நீலம். உறையவே உறையாது" என்றான். உண்மைதான். ஏரி அவ்வளவு ஆழமானது. மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, கீழிருந்து வேறு நீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது. எமரால்டு பே மட்டும் சில ஆண்டுகளில் உறைகிறது.

1960 ஒலிம்பிக்தான் இந்த மலைகளை உலகப் பனிவிளையாட்டுத் தலமாக்கியது. போட்டி நடந்த வளாகத்தின் பெயரில் பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று இருந்தது. வாஷோ மக்கள் நெடுநாள் எதிர்த்தார்கள். 2021-இல் அது பாலிசேட்ஸ் டாஹோ என்று பெயர் மாற்றப்பட்டது.

கிழக்குக் கரையின் கணக்கு

மாநில எல்லையைத் தாண்டியதும் சூதாட்ட விடுதிகளின் கோபுரங்கள் வருகின்றன. அவற்றைக் கடந்து வடக்கே திரும்பினால், சாலை கேவ் ராக் என்ற எரிமலைப் பாறையைத் துளைத்துக்கொண்டு போகிறது. 1931-இல் ஒரு சுரங்கம், 1957-இல் இன்னொன்று. வாஷோ மக்களுக்கு இது புனிதத்திலும் புனிதம். மருத்துவமும் வழிபாடும் அறிந்த பெரியவர்கள் தவிர வேறு யாரும் அணுகக் கூடாத இடம். அவர்களைக் கேட்காமலே துளைத்தார்கள். பின்னர் பாறையேறிகள் இரும்பு ஆணிகளை அடித்து ஏறத் தொடங்கினார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு, ஏறுவதற்கு வனத்துறை விதித்த தடையை 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பாறையின் அடியில் படகுத்துறையும் சிறு மணற்கரையும் இருக்கின்றன; அங்கிருந்து பார்த்து வணங்கிவிட்டு வரலாம்.

அடுத்தது கிளென்புரூக். இன்று அமைதியான குடியிருப்பு. 1870-களில் இது மரவாடிகளின் ஊர். கிழக்கே வர்ஜீனியா சிட்டியில் 1859-இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. பூமிக்குள் நூற்றுக்கணக்கான அடி இறங்கிய சுரங்கங்களைத் தாங்க, கட்டம் கட்டமாக மரச்சட்டங்களை அடுக்கும் முறை வந்தது. அதற்குக் காடு காடாக மரம் தேவைப்பட்டது. டுவேன் பிளிஸ் என்பவரின் நிறுவனம் ஏரிக்கரை மரங்களை வெட்டி, நீராவிப் படகால் மிதக்கவிட்டு இழுத்துவந்து, கிளென்புரூக்கில் அறுத்து, ரயிலில் மலையுச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து மரத்தாலான நீர்ச்சரிவில் கார்சன் சிட்டிக்கு இறக்கியது. 1890-கள் முடிவதற்குள் ஏரியைச் சுற்றியிருந்த பழங்காட்டின் பெரும்பகுதி பூமிக்குள் போய்விட்டது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன்பின் முளைத்த காடு. தீயை உடனுக்குடன் அணைத்துப் பழகியதால் அது நெருக்கமாக வளர்ந்து, பெருந்தீக்கு விறகாக நிற்கிறது.

மரம் தீர்ந்ததும் அதே பிளிஸ் குடும்பம் சுற்றுலாவுக்குத் திரும்பியது. 1896-இல் டாஹோ என்ற நீராவிக் கப்பலை நீரில் இறக்கினார்கள். செல்வந்தர்களையும் தபாலையும் சுமந்து ஏரியைச் சுற்றிய அந்தக் கப்பலைக் கார்ச்சாலை வந்து வேலையற்றதாக்கியது. பழைய இரும்புக்கு விற்க மனமில்லாமல், 1940 ஆகஸ்டில் பிளிஸின் மகன் அதைக் கிளென்புரூக்குக்கு எதிரே ஏரியிலேயே மூழ்கடித்தார். கண்ணாடிப் படகில் வருபவர்கள் மேலிருந்து பார்க்கும்படி ஆழங்குறைந்த இடத்தில் நிற்கும் என்று எண்ணியிருந்தார். அது சரிந்து சுமார் 400 அடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மேலும் வடக்கே சாண்ட் ஹார்பர். உருண்டு திரண்ட வெண்பாறைகள் நீருக்குள் இறங்கிக் கிடக்க, அடிமணல்வரை தெளிவாகத் தெரிகிறது. குளிக்க, மூழ்கிப் பார்க்க, கயாக் ஓட்ட இதைவிட நல்ல இடம் ஏரியில் இல்லை. கோடையில் நீர்மட்டத்தில் 20 டிகிரியை ஒட்டிய வெப்பந்தான் இருக்கும். அதற்குக் கீழே விரைவாகக் குளிர்ந்துவிடும். நல்ல நீச்சல்காரரையும் அந்தக் குளிர் மூச்சுத் திணறவைக்கும். மிதவைச் சட்டை இல்லாமல் படகேறக் கூடாது.

இந்தக் கரை கட்டடங்கள் இல்லாமல் தப்பியதற்குக் காரணம் ஜார்ஜ் விட்டெல் என்ற தனியொரு செல்வர். 1930-களில் நெவாடா பக்கக் கரையில் 40 கிலோமீட்டருக்கு மேல் வாங்கிப்போட்டு, யாரையும் நெருங்கவிடாமல் சிங்கம், யானையோடு வாழ்ந்தார். அவருடைய தனிமை விருப்பத்தால் காடு நின்றது. பின்னர் அதில் பெரும்பகுதி மாநிலப் பூங்காவாகவும் தேசியக் காடாகவும் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

சில கரைகளில் மணலில் சிறு வேலியிட்ட இடங்களைப் பார்க்கலாம். உள்ளே மஞ்சள் பூவோடு தரையோடு தரையாக ஒரு செடி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த டாஹோ யெல்லோ கிரெஸ். உலகத்தில் இந்த ஏரியின் கரையைத் தவிர வேறெங்கும் அது முளைப்பதில்லை. கால்பட்டால் போய்விடும்.

ஒரு வெள்ளைத் தட்டு

இன்கிளைன் வில்லேஜில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் நடத்தும் அறிவியல் மையம் இருக்கிறது. சுற்றுலாப் பட்டியலில் இதைச் சேர்க்காமல் விடுபவர்கள் ஏரியின் பாதியைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

நீர் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி திருச்சிக்காரரான சி.வி. ராமனை ஆட்கொண்ட கேள்வி. 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தை ஆராய்ந்து, வானம் பிரதிபலிப்பதால் மட்டும் அந்த நிறம் வரவில்லை, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். நீர் சிவப்பொளியை விழுங்கிக்கொள்ள, நீலம் சிதறித் திரும்புகிறது. ஆனால் அதற்கு நீர் தூயதாக இருக்க வேண்டும். பாசி பெருகினால் பச்சை ஏறும். துகள் பெருகினால் மங்கும். டாஹோவின் நீலம் அதன் உடல்நலத்தைக் காட்டும் நாடி.

அந்த நாடியைப் பிடித்துப் பார்த்தவர் அதே பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வாளர் சார்லஸ் கோல்ட்மன். 1860-களில் இத்தாலியப் பாதிரியார் செக்கி உருவாக்கிய முறையை அவர் கையில் எடுத்தார். சாப்பாட்டுத் தட்டளவு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது. 1968-இல் ஆண்டுச் சராசரி 102 அடி. 1990-களின் பின்பாதியில் 64 அடிக்கு வந்துவிட்டது. கடும் வறட்சிக்குப்பின் பெருமழை மண்ணை அடித்து வந்த 2017-இல் 60 அடிக்கும் சற்றுக் குறைந்தது. அதன்பின் ஏறியிறங்கி நிற்கிறது. மேலும் கெடவில்லை, பழைய நிலைக்கும் திரும்பவில்லை.

இந்த எண்கள் ஏரியைக் காக்கப் பெரிதும் உதவின. அழகு குறைகிறது என்று சொன்னால் யாரும் மறுக்கலாம். தட்டு ஏறத்தாழ நாற்பது அடி மேலேயே மறைகிறது என்றால் மறுக்க முடியாது. எண்கள் சேரத் தொடங்கிய காலத்திலேயே, வீடுகளின் கழிவுநீரை எவ்வளவு சுத்திகரித்தாலும் ஏரிக்குள் விடக் கூடாது என்று முடிவாகி, 1968-இலிருந்து குழாய்வழியே மலைக்கு வெளியே இறைத்தார்கள். இரு மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் திட்டமிடல் அமைப்பு 1969-இல் உருவானது. எண்ணெய் கக்கும் பழைய இருவீச்சு எஞ்சின்களுக்கு 1999-இல் தடை வந்தது. தெளிவைக் கெடுப்பது பெரும்பாலும் சாலையிலும் ஊரிலும் அரைபடும் மிக நுண்ணிய தூசி என்று கண்டபின், மழைநீரைத் தேக்கி வடிக்கும் குளங்களை ஊரெங்கும் வெட்டினார்கள். காரின் புகையிலிருந்து வரும் நைட்ரஜனும் பாசிக்கு உரமாகிறது என்பதால் பேருந்தும் சைக்கிள் பாதையும் போட்டார்கள். 2022-இல் முடிந்த ஒரு பணியில் ஏரியின் கரை முழுதும் முக்குளிப்போர் சுற்றிவந்து 25,000 பவுண்டுக்கு மேல் குப்பையை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஜூலை 4 சுதந்திர நாள் விடுமுறைக்குப் பிறகு ஒரே காலையில் ஏரிக்கரைகளில் 8,000 பவுண்டுக்கு மேல் குப்பை அள்ள வேண்டியிருந்தது.

இந்தக் கடைசி இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிச் சுரங்கக்காரர்கள் ஏரியை வெறுக்கவில்லை. மீன் ஏற்றுமதி செய்தவர்கள், மைசிஸை விட்டவர்கள், சதுப்பில் வீடு கட்டியவர்கள், கரையில் பட்டாசு பார்த்துவிட்டுக் குப்பையைப் போட்டவர்கள் என ஒவ்வொருவரும் ஏரியை விரும்பித்தான் வந்தார்கள். தான் எடுப்பது கொஞ்சம், விடுவது கொஞ்சம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். 650 ஆண்டுகள் நீரைத் தேக்கிவைக்கும் ஏரியில் கொஞ்சம் என்று ஒன்றில்லை. அன்பு மட்டும் ஒரு நீர்நிலையைக் காப்பதில்லை. அந்த அன்பு தன் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும்; கணக்கு காட்டியபடி கட்டுப்படவும் வேண்டும்.

அதனால் டாஹோவுக்குப் போக நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. கோடை வாரயிறுதியைத் தவிர்த்து, செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ போங்கள். மீன்கள் ஏறும், சாலையில் நெரிசல் இருக்காது. முடிந்த இடங்களில் காரை விட்டுவிட்டு நடங்கள். 2001-இல் முழுமையடைந்த 265 கிலோமீட்டர் டாஹோ ரிம் டிரெயில் மலைமுகடுகளில் ஏரியைச் சுற்றிவருகிறது. அதில் ஒரு காலைப்பொழுது நடந்தாலும் போதும். தின்பண்டத்தைக் காரில் வைக்காமல் கரடிப்பெட்டியில் பூட்டுங்கள். படகை உலர்த்துங்கள். வேலியிட்ட மணலில் கால் வைக்காதீர்கள். வெள்ளைத் தட்டின் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ஒருசில அறிஞர்கள்தான்; அது எத்தனை அடியில் மறைய வேண்டும் என்பதை ஒவ்வொரு விருந்தாளியும் சேர்ந்தே முடிவுசெய்கிறார்.